ஊட்டுப்புரையின் மூன்றாவது தூண்

செப்டம்பர் 18, வியாழக்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். மழைநீர்த் தொட்டியில் அளவு பார்த்துக் குறித்தேன்: முக்கால் தொட்டி. பால் விடாமல் ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்தேன். 6.10க்குக் கைபேசியில் மணி அடித்தது. அது நான் வைத்த அலாரம், வழக்கம்போல மனைவி சுஜாவைக் கூப்பிட்டேன். அவள் இருக்கும் தீவில் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. மகள் அனகா பல் தேய்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். பதினோரு நிமிடம் பேசினோம். பிறகு மாஸ் ஹுனியும் இரண்டு ரொட்டியும். மாஸ் ஹுனி என்றால் சூரை மீனைத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்தது. மாலத்தீவில் அதுதான் காலை உணவு. ஏழு மணிக்குப் பள்ளி. எட்டாம் வகுப்புக்கு விகிதம், பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல். வியாழன் அங்கே வாரத்தின் கடைசி வேலைநாள். 1.15க்கு வகுப்பறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தேன். ஒரு வார விடுமுறை.

நாங்கள் மாலத்தீவுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. நான் கணக்கு ஆசிரியர், சுஜா வேதியியல் ஆசிரியை. முதல் ஏழு வருடம் ஒரே தீவில், ஒரே பள்ளியில் இருந்தோம். தனித்தனியாக விண்ணப்பித்து வந்தவர்கள் என்பதால் யாரும் எங்களிடம் கல்யாணக் காகிதம் கேட்கவில்லை. பிறகு எங்கள் பள்ளியில் வேதியியலை நிறுத்திவிட்டார்கள். சுஜாவுக்கு வேறு தீவில் இடம் கிடைத்தது. அனகாவையும் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு தீவுக்கும் நடுவே இரண்டு படகு மாற வேண்டும். காற்று அடித்தால் படகு இல்லை. நாலு வருடமாகக் காலை 6.10 முதல் 6.21 வரைதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

இந்த மாதம் சுஜாவின் பள்ளியில் கணக்கு ஆசிரியர் விலகினார். கணவன் மனைவி என்றால் முன்னுரிமை உண்டு, கல்யாணச் சான்றிதழின் நகலை 25ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்குள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியர் எழுதியிருந்தார்.

என்னிடம் பதினாறு உறைகள் கொண்ட கோப்பு ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் போன மாத மின்கட்டண ரசீது வரை அதில் இருக்கிறது. கல்யாணச் சான்றிதழ் மட்டும் இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, பாறசாலைக்குத் தெற்கே, கேரள-தமிழ்நாடு எல்லையோரத்து மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள். அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று எண்ணூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். தீவிலிருந்தே ஆன்லைனில் விண்ணப்பம் போட்டோம். பழைய கல்யாணம், ஆகையால் இருவரும் இரண்டு சாட்சிகளோடு நேரில் வர வேண்டும் என்று பஞ்சாயத்திலிருந்து பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மாலே படகுத்துறையில் சுஜாவும் அனகாவும் நின்றிருந்தார்கள். மகள் என்னைவிட இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டாள். ஜூலையில் பார்த்தபோது நான்தான் உயரம். அதை அவளே சொல்லிக் காட்டினாள்.

விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் திருவனந்தபுரம். அதன்பிறகு பாறசாலைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் போக எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. பாலராமபுரத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றது. நெய்யாற்றின்கரையில் எங்கள் டாக்சியின் டயர் போயிற்று. ஓட்டுநர் டயர் மாற்றும்வரை பக்கத்து சாயாக்கடையில் ரசவடை சாப்பிட்டோம். எங்கள் தீவில் வண்டி என்றால் சைக்கிளும் குப்பை அள்ளும் வண்டியும்தான். அனகா சாலையைப் பார்த்துவிட்டு, இத்தனை வண்டியும் எங்கே போகிறது என்று கேட்டாள். சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர், எல்லாம் முன்னால போற வண்டி எங்க போகுதுன்னு பாக்கப் போகுது என்றார்.

சனிக்கிழமை ஓய்வு. சுஜாவின் வீட்டில்தான் தங்கினோம். அவள் தம்பி பிஜு இப்போது அங்கே இருக்கிறான், கொல்லயிலில் உரக்கடை வைத்திருக்கிறான். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறி. பதினொரு வருடமாக சூரையே தின்ற நாக்குக்குச் சாளையின் முள்கூட ருசித்தது. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினேன். கோப்பை எடுத்துப் பதினேழாவது உறைக்குப் பெயர் எழுதி வைத்தேன்.

ஞாயிறு காலை 9.50க்கு நான், சுஜா, அனகா, சாட்சிக்கு பிஜு, நாலு பேரும் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இருந்தோம். இரண்டாவது சாட்சியை உள்ளூரில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். வழி முழுக்க பிஜு எதுவும் பேசாமல் வண்டி ஓட்டினான். அத்தான் எதற்குப் போகிறார் என்று அவனுக்குப் புரியவில்லையாம். ஆனால் அத்தான் காரணமில்லாமல் எதுவும் செய்யமாட்டார் என்று நம்பினானாம். கதவில் பூட்டு. வாசலில் லாட்டரி விற்பவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஆபீஸ் இல்லியா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாயிறாக்கும், சாரே. உலகத்துல எங்கயும் இல்ல."

உலகத்தில் மாலத்தீவில் உண்டு. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு முதல் பீரியடு 7.00க்கு. பதினொரு வருடமாக என் நாட்குறிப்பில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அந்தப் பழக்கத்தில், ஆபீஸ் திறந்திருந்த சனிக்கிழமை தூங்கிவிட்டு, பூட்டிய ஞாயிற்றுக்கிழமை கோப்போடு வந்து நிற்கிறேன். இதே தப்பை வேதியியல் ஆசிரியையும் செய்திருக்கிறாள் என்பதால் அவளால் என்னைத் திட்ட முடியவில்லை. அனகா வண்டிக்குள் போய்ச் சிரித்தாள். நாட்குறிப்பில் எழுதினேன்: மிச்சம் நாலு நாள்.

திங்கள், 10.00 மணி. ஷீலா என்ற கிளார்க்கு எங்கள் விண்ணப்பத்தை எடுத்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காகிதமாகத் திருப்பினார். என் கோப்பைப் பார்த்து, எல்லாரும் இப்படிக் கொண்டுவந்தால் நாங்கள் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று மலையாளத்தில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அழைப்பிதழ் சரி, ஆதார் சரி, பிஜு சரி. இன்னொரு சாட்சி யாரையாவது கொண்டுவாருங்கள், கல்யாணப் போட்டோ ஒன்று கொடுங்கள் என்றார்.

போட்டோ விஷயத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. தாலி கட்டும் படத்தை சுஜா இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. மற்ற படங்களெல்லாம் ஆல்பத்தில் இருக்கும், அது மட்டும் அலமாரியில் புடவைகளுக்கு அடியில். கொடுப்பதாக இருந்தால் வரவேற்பில் எடுத்த படத்தைக் கொடுங்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். ஆனால் படிவத்தில் கேட்டிருப்பது கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம். இரண்டு படத்தையும் கோப்பில் வைத்திருந்த நான், தாலி கட்டும் படத்தை நீட்டினேன்.

ஷீலா மேடம் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இதென்ன சார், பெண்ணுக்கு தலைக்கு மேல ஒரு போர்டு?"

"கை கழுவும் இடம்," என்றேன். "அம்புக்குறியும் உண்டு."

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். சுஜா சுவரைப் பார்த்தாள். மண்டபத்து மேடையில் கட்டவில்லையா என்று ஷீலா மேடம் கேட்டார். அந்த இடத்தில் சுஜாவின் செருப்பு என் கால்மேல் ஏறியதை நான் உணர்ந்தேன். உணர்ந்தும் விளக்கமாகச் சொன்னேன்: அன்று மழை, மேடைக்கு மேலே தகரம் ஒழுகியது, முகூர்த்தம் 10.20, ஆகையால் எல்லாரும் பின்னால் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைக்கு ஓடினோம், இலை போட்டிருந்த மேசைகளைத் தள்ளிவிட்டு, மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் 10.31க்குத் தாலி கட்டினேன்.

ஷீலா மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "மண்டபம் இங்க. ஆனா பின்னால ஊட்டுப்புரை தமிழ்நாடாக்கும்னுல்லா எல்லாரும் சொல்லுவாங்க."

செயலாளரின் அறைக்குப் போனோம். அவர் நல்ல மனிதர். கல்யாணம் எந்தப் பஞ்சாயத்து எல்லைக்குள் நடந்ததோ அங்கேதான் பதிய முடியும். எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் அங்கே போய் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். வியாழனுக்குள் அது நடக்குமா என்று அவரால் சொல்ல முடியாது. ஊட்டுப்புரை இந்தப் பக்கம்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அவரே கையெழுத்துப் போடுவார். நிச்சயமாக என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார்.

பிஜு வண்டியை எடுத்தான். பாறசாலை ரயில்வே கேட் தாண்டியதும் சுஜா ஆரம்பித்தாள்.

"மேடையிலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்ப பேப்பர் கையில இருக்கும்."

"கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற உறுதிமொழி, சுஜா. அதில் பொய் எழுத முடியாது."

"நாலு வருஷமா உங்க மகளுக்கு காய்ச்சல் வந்தா நான் ஒருத்தியா முழிச்சிருக்கேன். நீங்க அங்க ஒத்தையில கஞ்சி குடிச்சிட்டு கிடக்கிய. அதெல்லாம் உண்மைதான், அத யாருகிட்ட எழுதிக் குடுக்க?"

அனகா காதில் எதையோ மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தாள். பாட்டு ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். பிஜுதான் சொன்னான்: அன்றைக்குச் சமையல் தங்கப்பன் அண்ணன். அந்த மண்டபத்தில் அவர் கரண்டி படாத மூலை இல்லை. இப்போது அம்பூரியில் மகள் வீட்டில் இருக்கிறார்.

செவ்வாய் காலை 7.30க்கு அம்பூரிக்குக் கிளம்பினோம். ஏற்றம் தொடங்கியதும் இருபுறமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம். தீவில் எங்களுடைய ஆக உயரமான இடம் பள்ளிக்கூடத்து மாடி. மேடு ஏறுவதே அனகாவுக்கு வேடிக்கை. அந்த வேடிக்கை ஐந்தாவது வளைவில் முடிந்தது. பிஜுவின் வண்டி கொதித்து நின்றது. மரத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். ரப்பர் பால் எடுத்த வாளி. எஞ்சினில் ஊற்றியதும் கிளம்பிய வாசனை மறுநாளும் போகவில்லை. நாற்பத்தைந்து நிமிடம் தாமதம் என்று குறித்தேன். சுஜா என்னிடம் பேசிய ஒரே வார்த்தை: "தண்ணி."

தங்கப்பன் அண்ணனுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, சுஜாவையும் தெரியவில்லை. பிஜு கல்யாண மழையைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"எலே, அந்த மழையா? என் அவியல தூக்கி மாத்த வச்ச கல்யாணம்லா. மாப்பிள்ள ஊட்டுப்புரையில தாலி கெட்டுதான், நான் பப்படம் பொரிச்ச கையோட வந்து நின்னேன்."

எல்லையைப் பற்றிக் கேட்டேன். ஊட்டுப்புரை தமிழ்நாடா கேரளமா?

"யாரு சொன்னா தமிழ்நாடுன்னு? சமையல்புரையாக்கும் தமிழ்நாடு. நடுவுல கல்லு உண்டு. அந்தக் கல்லுலதான் நான் முப்பது வருஷம் தேங்கா உடைச்சேன். ஒருநாளு சர்வேக்காரன் வந்து, அண்ணா இது எல்லைக்கல்லு, உடைக்காதேன்னான். அப்பம் எந்தப் பக்கம் நின்னு உடைக்கணும்னு கேட்டேன்." அவரே சிரித்தார். "அடுப்பு அங்க, இலை இங்க, மக்கா. சாம்பாரு டெய்லி பார்டர் தாண்டும். ஒருத்தனும் செக் பண்ணுனது இல்ல."

சுஜா அப்போதுதான் சிரித்தாள். இரண்டு நாளில் முதல் தடவை. அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு எங்களோடே வண்டியில் ஏறிவிட்டார். இறங்கும்போது வண்டி கொதிக்கவில்லை.

அவர் சொல் போதாது என்று எனக்குத் தெரியும். செயலாளருக்கு நிச்சயம் வேண்டும். பாறசாலை வந்ததும் ஷீலா மேடத்தை ஆபீசில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வீடு மண்டபத்தைத் தாண்டித்தான். நாளை காலை ஆபீஸ் வருகிற வழியில் கட்டட வரிப் புத்தகத்தின் நகலோடு இறங்கிப் பார்க்கிறேன் என்றார். டேப் உண்டா என்று கேட்டார். முப்பது மீட்டர் டேப் உண்டு என்றேன். கோப்போடு எப்போதும் வைத்திருப்பேன்.

புதன், 9.05. மண்டபத்துக்கு இப்போது முகப்பில் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஊட்டுப்புரை மட்டும் பழையபடி. அதே தூண்கள், அதே சாய்ந்த கூரை. மூன்றாவது தூணுக்கு மேலே அதே தகர போர்டு. எழுத்துக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். அனகா புகைப்படத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, தூணோடும் போர்டோடும் பொருத்தினாள். அம்புக்குறியின் நுனியில் ஒரு சொட்டை இருக்கும். படத்திலும் இருந்தது, போர்டிலும் இருந்தது.

"அம்மா, இங்க வந்து நில்லு," என்றாள். சுஜா போய் நின்றாள். பத்தொன்பது வருடம் முன்பு நின்ற அதே இடத்தில், அதே போர்டுக்குக் கீழே. ஷீலா மேடம் தம் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

எல்லைக்கல் உடனே கிடைக்கவில்லை. அண்ணன் சொன்ன இடத்தில் ஒரு ஆள் உயரத்துக்குத் தேங்காய் மட்டை குவிந்து கிடந்தது. பிஜுவும் நானும் மட்டையை எடுத்துப் போட்டோம். இருபது நிமிடம் ஆயிற்று. இல்லையோ, பிடுங்கிவிட்டார்களோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது கருங்கல்லின் தலை தெரிந்தது. மேலே ஒரு அம்பு வெட்டியிருந்தது. உச்சியில் குழி விழுந்திருந்தது, முப்பது வருடத்துத் தேங்காய் அடி. அண்ணன் குனிந்து அந்தக் குழியைத் தடவி, "நம்ம ஆளுதான்," என்றார்.

நான் கல்லில் டேப்பின் பூஜ்யத்தைப் பிடித்தேன். பிஜு மறுமுனையைத் தூண் வரை இழுத்தான். ஊட்டுப்புரைச் சுவர் கல்லிலிருந்து இந்தப் பக்கம் இரண்டு மீட்டர் பத்து. மூன்றாவது தூண் பதினொரு மீட்டர் நாற்பது. ஷீலா மேடம் வரிப் புத்தகத்தின் நகலைப் பிரித்தார். ஊட்டுப்புரைக்குத் தனிக் கட்டட எண் இருந்தது, இந்தப் பஞ்சாயத்து எண். சமையல்புரைக்கு இல்லை.

"பிறகு ஏன் எல்லாரும் தமிழ்நாடுன்னு சொல்லுதாங்க?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

"சாப்பாட்டு மணம் அங்கயிருந்துல்லா வருது," என்றார் தங்கப்பன் அண்ணன்.

ஷீலா மேடம் அளவைக் காகிதத்தில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டார். அதைச் செயலாளர் மேசையில் வைத்து மறுநாள் காலைக்கு எங்களுக்கு நேரம் வாங்கித் தந்தார். திரும்பும் வழியில் சுஜா புகைப்படத்தை என்னிடமிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "பாறசாலையில ஃபிரேம் போடுத கடை உண்டா, பிஜு?" என்று கேட்டாள்.

வியாழன், செப்டம்பர் 25. 10.00க்கு ஆபீசில் இருந்தோம். சாட்சிகள் பிஜுவும் தங்கப்பன் அண்ணனும். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். செயலாளர் அளவுக் காகிதத்தை வாசித்தார், புகைப்படத்தைப் பார்த்தார், சுஜாவைப் பார்த்தார். பிறகு மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: இத்தனை வருடத்தில் எத்தனையோ கல்யாணம் பதிந்திருக்கிறேன், அங்குலம் வரை இடம் தெரிந்து பதிவது இதுதான் முதல்.

எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். அதன்பின் கணினி நின்றுவிட்டது. சர்வர் இல்லை என்றார்கள். 10.50, 11.20, 11.45. மாலத்தீவில் நேரம் நமக்கு அரை மணி பின்னால். அங்கே இரண்டு மணி என்றால் இங்கே 2.30. சுஜா பெஞ்சில் அமர்ந்து என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் கடிகாரத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. பேசாமல் இருக்க முடியாமல் தங்கப்பன் அண்ணன் பக்கத்து ஆளுக்கு அவியலில் தயிர் எப்போது சேர்க்க வேண்டும் என்று விளக்கினார்.

12.05க்குப் பிரிண்டர் இரைந்தது. ஷீலா மேடம் காகிதத்தை எடுத்து, சூடு ஆறும் முன்பே சுஜாவின் கையில் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. அது சரிதான்.

12.31க்கு நகலை அனுப்பினேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் ஆறு பேரும் நெய்யாற்றின்கரைக்கே போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம். ஷீலா மேடம் வர முடியாது என்றார். ஆறாவது ஆள் வாசலில் சந்தித்த லாட்டரிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சார் வந்தாரே என்று விசாரித்தவரை அண்ணன் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். போளி வந்தது, அதன்மேல் ஊற்ற பால் பாயசம் வந்தது. 1.50க்குத் தலைமையாசிரியரின் பதில் வந்தது. நான் வாசிக்கவில்லை, அனகாவிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை அவள் தமிழில் சொன்னாள்: உங்கள் நியமனம் உறுதி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நேராக எங்கள் பள்ளிக்கு வந்துவிடுங்கள். உங்கள் சாமான்களை அந்தத் தீவிலிருந்து படகில் வரவழைத்துக்கொள்ளலாம்.

"ஞாயிறா?" என்றார் லாட்டரிக்காரர். "ஞாயித்துக்கிழமை ஸ்கூலா?"

சுஜா இன்னொரு போளி கேட்டாள். அதைப் பிய்த்துப் பாதியை என் இலையில் வைத்தாள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். சாப்பிட்டேன்.

மாலையில் பதினேழாவது உறையில் சான்றிதழை வைத்தேன். ஃபிரேம் போட்ட புகைப்படம் பெட்டியில், துணிகளுக்கு மேலே.

செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை. 6.10க்குக் கைபேசியில் மணி அடித்தது. அடுக்களையில் சுஜா புட்டுக்குழலில் மாவு நிரப்பிக்கொண்டிருந்தாள். அனகா பல் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். முதல் வேலையாக அந்த 6.10ஐக் கைபேசியிலிருந்து அழித்தேன்.